விடுதி வைஃபையில் இலவச ப்ராக்ஸி போட்டால் நான் பார்ப்பது மறைந்துவிடுமா?

கேள்வி: கூடல் வாசகி

அனைவருக்கும் வணக்கம். நான் மதுரையில் ஒரு மகளிர் விடுதியில் தங்கி வேலைக்குச் சென்று வருகிறேன். வைஃபைக் கட்டணம் விடுதி வாடகையிலேயே அடங்கும். ரூட்டர் உரிமையாளரின் அறையில் இருக்கிறது. சென்ற மாதம் ஒரு நாள் இரவு உணவின்போது, "நள்ளிரவு தாண்டி மன அழுத்த மருந்து பற்றிப் படித்துக்கொண்டிருப்பது யார் அம்மா?" என்று அவர் எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். படித்தவள் நான்தான். மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையால் கை நடுங்குவது இயல்புதானா என்று தெரிந்துகொள்வதற்காக நான் திறந்த தளத்தின் பெயரிலேயே அந்த நோயின் பெயர் இருக்கிறது. அன்று யாரும் பதில் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எதைத் தேட நினைத்தாலும் கை தயங்குகிறது.

ப்ராக்ஸி சர்வர் வழியாகச் சென்றால் யாருக்கும் எதுவும் தெரியாது என்று அலுவலகத் தோழி ஒருத்தி கூறி, இலவச ப்ராக்ஸிகளின் பட்டியல் ஒன்றை அனுப்பினாள். அதிலிருந்து ஒரு முகவரியையும் 8080 என்ற போர்ட் எண்ணையும் எடுத்து என் மடிக்கணினியின் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் இட்டேன். ஐபி முகவரியைக் காட்டும் தளம் ஒன்றைத் திறந்து பார்த்தபோது வேறொரு நாட்டின் பெயர் வந்தது, நிம்மதியாக இருந்தது. ஆனால் மறுநாள் ஜிமெயிலைத் திறந்தபோது, இணைப்பு பாதுகாப்பானதல்ல என்ற எச்சரிக்கை வந்து, மேற்கொண்டு செல்லவே விடவில்லை. நான் சிகிச்சை பெறும் மருத்துவமனையின் முன்பதிவுத் தளத்திலும் அதே எச்சரிக்கை வந்தது. அங்கே ஆபத்தை ஏற்றுத் தொடர்வதற்கு ஒரு பொத்தான் இருந்ததால் அதை அழுத்தி, கடவுச்சொல்லையும் இட்டு உள்ளே சென்றுவிட்டேன்.

இந்த எச்சரிக்கைக்கும் ப்ராக்ஸிக்கும் தொடர்பு உண்டா? நான் பார்ப்பதை உரிமையாளரால் இனிக் காண முடியாது என்று நம்பலாமா? நம்ப முடியாதென்றால், தொழில்நுட்பம் படிக்காத என்னைப் போன்றவர்கள் செய்யக்கூடியது என்ன?

பதில்: கணினிக்கூடம், கோவை

சகோதரி, விளக்கத்தைப் பிறகு படிக்கலாம். முதலில் அந்த ப்ராக்ஸியை உலாவியிலிருந்து நீக்கிவிட்டு, உங்கள் கைபேசியின் சொந்த டேட்டா வழியாக மருத்துவமனைத் தளத்துக்குச் சென்று கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். அதே கடவுச்சொல் வேறு எங்காவது இருந்தால் அங்கும் மாற்றுங்கள்.

நான் ஒரு பொறியியல் கல்லூரியில் 12 ஆண்டுகளாக ஸ்க்விட் என்ற ப்ராக்ஸி மென்பொருளைப் பராமரித்து வருகிறேன். ப்ராக்ஸியை நடத்துபவன் இருக்கையிலிருந்து பார்த்தால் என்னவெல்லாம் தெரியும் என்பது எனக்கு அன்றாட வேலை, அதைச் சொல்கிறேன்.

ப்ராக்ஸி என்ற சொல்லைக் கல்லூரியில் படித்த எல்லோரும் வேறொரு பொருளில் அறிவோம். வகுப்புக்கு வராத நண்பனுக்காக இன்னொருவன் "பிரசண்ட் சார்" என்று குரல் கொடுப்பான். அந்தக் குரல் யாருடையது என்று ஆசிரியருக்குத் தெரியாமல் போகலாம். ஆனால் வராதவன் யார், அவன் எங்கே போயிருக்கிறான் என்பது குரல் கொடுத்தவனுக்குத் தெரியும். இணையத்திலும் இதுதான் நடக்கிறது. நீங்கள் திறக்கும் தளத்துக்கு உங்கள் முகவரிக்குப் பதிலாக ப்ராக்ஸியின் முகவரி தெரிகிறது. ப்ராக்ஸிக்கோ, நீங்கள் எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள் என்ற இரண்டும் தெரிகின்றன. மறைப்பதற்காக ஒருவரை நடுவில் நிறுத்துகிறோம். நிறுத்தப்பட்டவர் எல்லாவற்றையும் பார்க்கும் இடத்தில் நிற்கிறார்.

ஸ்க்விட்டின் பதிவேட்டில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு வரி விழும். நேரம், எத்தனை மில்லிவிநாடி ஆனது, எந்தக் கணினியிலிருந்து வந்தது, எத்தனை பைட் கடந்தது, எந்தத் தளம் என்பவை அதில் இருக்கும். மறையாக்கம், அதாவது பிறர் படிக்க முடியாதபடி உருமாற்றுவது, இல்லாத பழைய எச்டிடிபி தளமாக இருந்தால் பக்கத்தின் முழு முகவரியும் விழும். மறையாக்கம் உள்ள எச்டிடிபிஎஸ் தளமாக இருந்தால் "கனெக்ட்" என்ற கட்டளையும், தளத்தின் பெயரும், 443 என்ற போர்ட் எண்ணும் மட்டுமே விழும்; எந்தப் பக்கத்தைப் படித்தீர்கள், எதைத் தட்டச்சு செய்தீர்கள் என்பவை தெரியமாட்டா. ஆனால் ஒரு மாணவன் தொடர்ந்து பத்து இரவுகள் எந்தத் தளத்தில் இருந்தான் என்பதை அந்த ஒற்றை வரிகளே சொல்லிவிடும். உங்கள் விடுதி உரிமையாளருக்குத் தெரிந்ததும் பெரும்பாலும் இவ்வளவுதான்: தளத்தின் பெயர், நேரம். அதுவே ஒருவரை எல்லோர் முன்னிலையிலும் கூச வைக்கப் போதுமானதாக இருந்திருக்கிறது. அவர் செய்தது தவறு என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். வலையமைப்பைப் பராமரிப்பவன் பதிவேட்டில் பார்த்ததை வெளியே பேசுவது, மருந்துக்கடைக்காரர் உங்கள் மருந்துச் சீட்டைத் தெருவில் வாசிப்பதற்குச் சமம்.

இப்போது எச்சரிக்கைக்கு வருகிறேன். எச்டிடிபிஎஸ் தளத்தைத் திறக்கும்போது, "நான்தான் அந்தத் தளம்" என்று காட்டும் சான்றிதழ் ஒன்றை அந்தத் தளம் உங்கள் உலாவிக்கு அனுப்புகிறது. ஒழுங்கான ப்ராக்ஸி இந்த உரையாடலில் தலையிடாமல், குழாயைப் போல இரு பக்கத்தையும் இணைத்துவிட்டு ஒதுங்கிவிடும். தலையிட நினைக்கும் ப்ராக்ஸி, தளத்தின் சான்றிதழை வாங்கி வைத்துக்கொண்டு, தானே தயாரித்த போலிச் சான்றிதழை உங்களுக்கு நீட்டும். அதை நீங்கள் ஏற்றுக்கொண்டால் மறையாக்கம் ப்ராக்ஸியோடு முடிந்துவிடும். அங்கே எல்லாம் பிரிக்கப்பட்டு, படிக்கப்பட்டு, மீண்டும் மறையாக்கம் செய்யப்பட்டுத் தளத்துக்குப் போகும். உங்கள் உலாவி அந்தப் போலியைக் கண்டுபிடித்துத்தான் கத்தியிருக்கிறது. ஜிமெயில் போன்ற தளங்கள், சான்றிதழில் குறை இருந்தால் உள்ளே விடவே கூடாது என்று உலாவிகளிடம் முன்கூட்டியே பதிந்து வைத்திருக்கின்றன. அதனால்தான் அங்கே உங்களுக்குப் பொத்தான் கிடைக்கவில்லை. மருத்துவமனைத் தளம் அந்த ஏற்பாட்டைச் செய்யாததால் பொத்தான் வந்தது.

கணினியின் தேதி தவறாக இருந்தாலும் இதே எச்சரிக்கை வரக்கூடும் என்பதால், ப்ராக்ஸியை நீக்கிய பிறகு எச்சரிக்கை நிற்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். நின்றுவிட்டால் சந்தேகத்துக்கு இடமில்லை.

சில நிறுவனங்கள் தங்கள் கணினிகளில் சொந்தச் சான்றிதழை முன்கூட்டியே நிறுவிவிட்டு இதே வேலையை எச்சரிக்கையே வராமல் செய்கின்றன. எங்கள் ஆய்வகத்திலும் அப்படிச் செய்யலாமா என்ற பேச்சு ஒருமுறை வந்தது. மாணவர்கள் வங்கிக் கணக்கையும் அதே கணினியில்தான் திறக்கிறார்கள் என்று சொல்லி நான் எதிர்த்தேன், அது கைவிடப்பட்டது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை, நம்ப முடியாது என்பதுதான். உங்கள் உலாவியிலிருந்து ப்ராக்ஸி வரை செல்லும் பாதை அந்த வகை ப்ராக்ஸியில் மறையாக்கம் செய்யப்படுவதில்லை. "இந்தத் தளத்தோடு என்னை இணை" என்ற கட்டளை வெறும் எழுத்தாகவே விடுதி ரூட்டரைக் கடக்கிறது. ரூட்டரின் சாதாரணப் பட்டியலில் தளத்தின் பெயருக்குப் பதிலாக ப்ராக்ஸியின் முகவரி விழலாம். ஆனால் போக்குவரத்தைப் பிடித்துப் பார்க்கத் தெரிந்தவருக்கு எதுவும் மறைந்திருக்காது. அத்தோடு, பல ப்ராக்ஸிகள் எச்டிடிபி தளங்களுக்குக் கோரிக்கையை அனுப்பும்போது, "இது இன்னாருக்காக" என்று உங்கள் முகவரியையும் தலைப்பு வரியில் சேர்த்தே அனுப்பும். ஸ்க்விட்டை நிறுவியவுடன் அதன் இயல்பான அமைப்பே அதுதான்; நாமாக நிறுத்தினால்தான் நிற்கும்.

பதில்: வடமராட்சி

கோவை நண்பர் சொன்னவற்றோடு ஒரு அனுபவத்தையும் சேர்க்கிறேன். நான் நெல்லியடியில் கைத்தொலைபேசி திருத்தும் கடை வைத்திருக்கிறேன். கண்டிக் கலவரத்தின்போது, 2018 மார்ச் 7ஆம் திகதி, இலங்கை அரசாங்கம் முகநூல், வாட்ஸ்அப், வைபர் முதலியவற்றை முடக்கியது. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு மறுபடியும் முடக்கப்பட்டன. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளோடு பேச வேறு வழி இல்லாத பெற்றோர்கள், ஏதாவது ஒரு விபிஎன் (போக்குவரத்தை மறையாக்கம் செய்து வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் சேவை) போட்டுத் தரும்படி கடைக்கு வந்து நின்றார்கள். கிடைத்த இலவசச் செயலியைப் போட்டுக் கொடுத்தோம்; அந்த நேரத்தில் அது தேவையாக இருந்தது. ஆனால் மாதக்கணக்கு கழித்துத் திருத்த வேலைக்கு வந்த தொலைபேசிகளில் அந்தச் செயலிகள் இன்னும் ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். தடை நீங்கிய பிறகும் அந்த அம்மாக்களின் இணையப் போக்குவரத்து முழுவதும், யாரென்றே தெரியாத ஒருவரின் சர்வர் வழியாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. தடையைத் தாண்டுவதற்கு உதவும் ஒன்று அந்தரங்கத்தையும் காக்கும் என்று நாங்கள் நினைத்துவிட்டோம். இரண்டும் வேறு வேறு வேலைகள்.

இலவசமாகத் தருபவருக்கும் சர்வர் வாடகையும் இணையக் கட்டணமும் உண்டு. அதை அவர் எங்கிருந்தோ ஈடுகட்டத்தான் வேண்டும். ஹோலா என்ற இலவசச் சேவை, தன் பயனர்களின் இணைப்புகளையே மற்றவர்களின் போக்குவரத்துக்கு வெளிவாசலாக விற்று வந்தது 2015இல் பரவலாகத் தெரியவந்தது. பயனர் நித்திரையில் இருக்கும்போது அவருடைய முகவரியிலிருந்து வேறு யாரோ உலாவியிருக்கலாம். பெரிய பெயரும் காப்பாற்றாது: முகநூல் 2013இல் வாங்கிய ஒனாவோ, தரவைப் பாதுகாக்கும் செயலி என்று சொல்லியே வழங்கப்பட்டது. மக்கள் வேறு எந்தச் செயலிகளை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்பதை அறிய அந்த வழியே போன தரவு பயன்படுத்தப்பட்டது. அதற்காக 2023இல் அவுஸ்திரேலிய நீதிமன்றம் இரண்டு துணை நிறுவனங்களுக்குச் சேர்த்து 2 கோடி அவுஸ்திரேலிய டொலர் தண்டம் விதித்தது.

சகோதரி, உங்களுடைய தோழியும் அந்தப் பட்டியலிலிருந்து ஒன்றைப் பயன்படுத்திக்கொண்டிருந்தால் அவருக்கும் சொல்லிவிடுங்கள்.

பதில்: நூற்பாலை

மறைய வேண்டுமென்றால் டோர் உலாவியைப் பயன்படுத்துங்கள் என்று ஏன் யாரும் சொல்லவில்லை? ஒரே ப்ராக்ஸியை நம்புவதில் உள்ள குறைக்குத் தீர்வாகவே அந்த முறை உருவாக்கப்பட்டது. அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் 1990களில் தொடங்கிய ஆய்வு அது. உங்கள் கோரிக்கை மூன்று நிலையங்கள் வழியாகச் செல்கிறது. முதல் நிலையத்துக்கு நீங்கள் யார் என்று தெரியும், எங்கே போகிறீர்கள் என்று தெரியாது. கடைசி நிலையத்துக்குப் போகுமிடம் தெரியும், ஆள் தெரியாது. நடுவில் இருப்பதற்கு இரண்டும் தெரியாது. மேலே சொல்லப்பட்ட எந்த ஏற்பாட்டிலும் இந்தப் பிரிவினை இல்லை. கைபேசி டேட்டாவுக்கு மாறச் சொல்வதிலும் எனக்கு நிறைவு இல்லை. உரிமையாளரின் இடத்தில் தொலைத்தொடர்பு நிறுவனம் வந்து அமர்கிறது, அவ்வளவுதான். பயன்பாட்டுப் பதிவுகளைக் குறைந்தது 2 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் இந்தியாவில் உரிம விதி திருத்தப்பட்டிருக்கிறது.

விபிஎன் வாங்கலாம் என்று யாராவது சொல்வதற்கு முன்பே இன்னொன்றையும் குறிப்பிடுகிறேன். வாடிக்கையாளரின் பெயர், முகவரி, ஒதுக்கப்பட்ட ஐபி முகவரி முதலியவற்றை விபிஎன் நடத்துவோர் 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான சிஇஆர்டி-இன் (CERT-In) 2022 ஏப்ரல் 28 அன்று ஆணையிட்டது. எக்ஸ்பிரஸ் விபிஎன், நார்டு விபிஎன், சர்ஃப்ஷார்க் ஆகியவை இந்தியாவிலிருந்த தங்கள் சர்வர்களை எடுத்துவிட்டன. எனவே இந்தியாவில் சர்வர் வைத்திருக்கும் சேவையைத் தேர்ந்தெடுக்கும்போது இதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

பதில்: கணினிக்கூடம், கோவை

நூற்பாலை நண்பர் டோர் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. 2007இல் சுவீடனைச் சேர்ந்த ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் டோரின் கடைசி நிலையங்கள் ஐந்தைத் தானே நடத்திப் பார்த்தார். அவற்றின் வழியாக மறையாக்கமின்றிக் கடந்து சென்ற மின்னஞ்சல் கடவுச்சொற்களில் தூதரகங்களுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் உரியவையே ஏறத்தாழ நூறு இருந்தன. டோர் ஆளை மறைத்தது; ஆனால் கடைசி நிலையத்தைக் கடந்த கடிதத்துக்கு உறை இல்லை. ஆகவே எந்த வழியில் போனாலும் எச்டிடிபிஎஸ் இருக்கிறதா என்று பார்ப்பதும், சான்றிதழ் எச்சரிக்கையைத் தாண்டாமல் இருப்பதும் கட்டாயம்.

ஆனால் தொலைத்தொடர்பு நிறுவனமும் உரிமையாளரும் ஒன்றே என்பதை நான் ஏற்கவில்லை. இந்தச் சகோதரிக்கு வந்த துன்பம், தினமும் முகம் பார்க்கும் ஒருவர் தன் நோயை அறிந்து நாலு பேர் முன்னால் பேசியதால் வந்தது. கோடிக்கணக்கான வரிகளில் ஒரு வரியாக எங்கோ இருக்கும் பதிவு, அடுத்த அறையில் இருப்பவர் படிக்கும் பதிவைப் போல அவரைச் சுடாது. யாரிடமிருந்து மறைய வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்தால்தான் எந்தக் கருவி என்ற கேள்விக்கு விடை கிடைக்கும். அரசையே எதிர்த்து எழுதும் ஒருவர் கேட்டிருந்தால் நானும் டோரைத்தான் முதலில் சொல்லியிருப்பேன்.

எனவே என் பரிந்துரை, தனிப்பட்ட விஷயங்களைத் தேடும்போது கைபேசியின் ஹாட்ஸ்பாட்டை இயக்கி மடிக்கணினியை அதோடு இணைப்பது. விடுதி ரூட்டர் அந்தப் பாதையிலேயே இல்லாமல் போய்விடும், ப்ராக்ஸியும் தேவைப்படாது.

வைஃபையைத்தான் பயன்படுத்த வேண்டிய நிலை என்றால், டிஎன்எஸ் கோரிக்கைகளை மறையாக்கம் செய்யுங்கள். தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும்படி உங்கள் கருவி கேட்கும் கேள்வியே டிஎன்எஸ் கோரிக்கை. வீட்டு ரூட்டர்களில் உரிமையாளர் பார்க்கும் தளப் பட்டியல் பெரும்பாலும் இந்தக் கேள்விகளிலிருந்தே உருவாகிறது. ஆண்ட்ராய்டு 9 முதல், கைபேசி அமைப்புகளில் நெட்வொர்க் பகுதியில் "தனிப்பட்ட டிஎன்எஸ்" என்ற தெரிவு இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸில் தனியுரிமை அமைப்புகளின் அடிப்பகுதியில் எச்டிடிபிஎஸ் வழி டிஎன்எஸ் என்பதில் அதிகபட்சப் பாதுகாப்பைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் இது முழுமையான மறைப்பு அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். எச்டிடிபிஎஸ் இணைப்பு தொடங்கும்போது உலாவி அனுப்பும் முதல் செய்தியில் தளத்தின் பெயர் பெரும்பாலும் திறந்தே போகிறது. அதைப் பிடித்துப் பட்டியலிடும் கருவிகளும் உண்டு. அந்த அளவுக்குப் போகக்கூடியவர் உங்கள் உரிமையாளர் என்று தோன்றினால், வைஃபையில் டோர் உலாவியையே பயன்படுத்துங்கள். மெதுவாகத்தான் இருக்கும், சில தளங்கள் திரும்பத் திரும்பப் படப்புதிர் கேட்கும். நீங்கள் டோர் பயன்படுத்துகிறீர்கள் என்பது ரூட்டருக்குத் தெரியலாம். எந்தத் தளம் என்பது தெரியாது.

இன்னொன்று: கூகுள் கணக்கில் உள்நுழைந்தபடி தேடினால், ப்ராக்ஸி, விபிஎன் எது இருந்தாலும் அந்தத் தேடல் உங்கள் கணக்கின் வரலாற்றில் ஏறிவிடக்கூடும். முகவரியை மாற்றுவதால், தளங்கள் உங்கள் உலாவியில் விட்டுச்செல்லும் அடையாளக் குறிப்புகளான குக்கிகள் மாறுவதில்லை. குக்கிகளை அழித்தாலும், திரையின் அளவு, எழுத்துருக்கள், உலாவியின் பதிப்பு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்து ஒரு கணினியை அடையாளம் காண முடியும். எலெக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் 2010இல் வெளியிட்ட ஆய்வில், சோதிக்கப்பட்ட உலாவிகளில் 83.6 விழுக்காடு தமக்கே உரிய தனித்த அடையாளத்தோடு இருந்தன. விளம்பர நிறுவனங்களிடமிருந்து மறைய நினைப்பவர்கள் கவலைப்பட வேண்டியது இதைப் பற்றித்தான். இதற்கு ப்ராக்ஸி உதவாது.

கூடல் வாசகி

உங்கள் அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ப்ராக்ஸியை நீக்கியதும் ஜிமெயிலிலும் மருத்துவமனைத் தளத்திலும் எச்சரிக்கை நின்றுவிட்டது. இரண்டு கடவுச்சொற்களையும் கைபேசி டேட்டாவிலிருந்தே மாற்றிவிட்டேன். தோழியிடம் சொன்னபோதுதான், அவளும் இதே எச்சரிக்கையைப் பலமுறை தாண்டிச் சென்றிருக்கிறாள் என்று தெரிந்தது. அவள் தன் வங்கிக் கடவுச்சொல்லையும் மாற்றிவிட்டாள்.

ஹாட்ஸ்பாட் வழி நன்றாக இருக்கிறது. ஆனால் என் அறை கீழ்த்தளத்தில் இருப்பதால் இரவில் சிக்னல் விட்டுவிட்டு வருகிறது. அப்போது கைபேசி தானாகவே விடுதி வைஃபைக்கு மாறிவிடுகிறது. அதைத் தடுக்க வழி இருக்கிறதா?

கணினிக்கூடம், கோவை

கைபேசியின் வைஃபை அமைப்பில் விடுதியின் பெயரைத் தொட்டு, தானாக இணைவதற்கான தெரிவை அணைத்துவிடுங்கள். மடிக்கணினியிலும் அப்படியே செய்யுங்கள். இல்லையென்றால் ஹாட்ஸ்பாட் ஒரு நொடி அறுந்தாலும் மடிக்கணினி உங்களுக்குச் சொல்லாமலே பழைய இணைப்பைப் பிடித்துக்கொள்ளும். சிக்னல் போதாத இரவுகளில் கைபேசியை ஜன்னல் ஓரத்தில் வைத்து, ஹாட்ஸ்பாட்டுக்குப் பதிலாக நீளமான யூஎஸ்பி வடம் வழியாக மடிக்கணினியோடு இணைத்துப் பாருங்கள். எங்கள் ஊழியர் குடியிருப்பில் சிலர் இப்படித்தான் சமாளிக்கிறார்கள். கைபேசியின் சார்ஜும் இறங்காது.